திறக்கிறவரின் மனைவி

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த கஸ்பாரைக் கண்டதும் பூட்டுகள் தாமாகத் திறந்துகொள்ளத் தொடங்கியது ஈஸ்டருக்கு மறுவாரம், செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு; அப்போது அவன் மனைவி ஜெனோவா, பல் டாக்டர் சுகிர்தாவின் காருக்குள் ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே தலையும் கதவுப் பக்கம் கையுமாக மல்லாக்கப் படுத்திருந்தாள்.

அந்தக் கார் மூன்று நாளாக அலறிக்கொண்டிருந்தது. கடல்காற்று அடித்தால் அலறியது, காக்கை உட்கார்ந்தால் அலறியது, பூட்டினால் திறந்துகொண்டது, திறந்தால் பூட்டிக்கொண்டது, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அது அலறும்போது உள்ளே பல் பிடுங்கக் காத்திருந்தவர்கள் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள். ஜெனோவா காலையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள்: முதலில் பேட்டரி, பிறகு ஃபியூஸ்கள், பிறகு ரிமோட்டின் செல், பிறகு பானெட்டுக்கு அடியில் இருக்கிற சின்ன சுவிட்ச், கடைசியாக ஓட்டுநர் கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய். அதைப் பிரித்தபோது, பத்து வருஷம் கதவோடு சேர்ந்து வளைந்து நிமிர்ந்து, உப்புக்காற்றில் பச்சை பூத்து, ஏழு வயர்கள் உள்ளுக்குள்ளேயே அறுந்து ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஐந்தை ஒட்டிவிட்டாள்.

"இன்னும் ரெண்டு வயருதான் டாக்டரம்மா," என்றாள்.

கஸ்பார் அப்போதுதான் டீ குடித்துவிட்டு வந்தான். அலறிக்கொண்டிருந்த காரின் கூரைமேல் உள்ளங்கையை வைத்து, "போதும் தாயி, அழாத," என்றான்.

கார் அழுகையை நிறுத்தியது. சாத்தியிருந்த மூன்று கதவுகளும் டக்கென்று திறந்துகொண்டன. கடை முன்னால் நின்ற மற்ற வண்டிகளின் கதவுகளும், டிக்கிகளும், பக்கத்து மாவு மில்லின் இரும்புக் கதவும், ஆணியில் தொங்கிய ஜெனோவாவின் சாப்பாட்டுத் தூக்கின் கொக்கியும் திறந்துகொண்டன. டாக்டரம்மா கஸ்பாரின் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்து, "இது சாதாரணக் கை இல்ல," என்றார். மீதி இரண்டு வயரையும் ஒட்டி, டேப் சுற்றி, ரப்பர் குழாயைப் பழையபடி மாட்டி, நான்கு கதவும் பூட்டுகிறதா என்று மூன்று முறை பார்த்துச் சாவியை ஜெனோவாதான் கொடுத்தாள். டாக்டரம்மா கஸ்பாரைப் பார்த்தபடியே அதை வாங்கிக்கொண்டார்.

ஊர் இதற்குப் பழக ஒரு வாரம்கூட ஆகவில்லை. கஸ்பார் நடந்து போகிற தெருவில் ஸ்கூட்டர் சீட்டுகள் நிமிர்ந்தன, பீரோக்கள் வாய் பிளந்தன, பைகளின் ஜிப்புகள் பல்லைக் காட்டின, பெண்கள் அதையெல்லாம் மழை வரும்போது வற்றலை அள்ளுவதுபோல அள்ளி மூடிவிட்டு, "திறக்கிறவரு போறாரு," என்று சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தார்கள். வங்கி மேலாளர் வாட்ச்மேனிடம் குடை கொடுத்து அனுப்பி, வெயிலுக்கு இதைப் பிடித்துக்கொண்டு தயவுசெய்து மீன் மார்க்கெட் வழியாகப் போகும்படி கேட்டுக்கொண்டார், கஸ்பாரும் சந்தோஷமாகச் சுற்றிப் போனான். நகைக்கடைக்காரர்கள் அவனுடைய பைக் சத்தம் கேட்டால் நகைகளை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு, அவன் தாண்டியதும் திரும்ப அடுக்கினார்கள். பங்குச் சாமியார், தனக்கு முன்னால் இருந்த சாமியார் காலத்தில் சாவி தொலைந்த மரப்பெட்டியைத் திறக்க அவனைக் கூப்பிட்டார். உள்ளே இருபத்து மூன்று குடைகளும் ஒரு பல்செட்டும் இருந்தன, உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிக்கப்பட்டது. தோள்பட்டை பூட்டிக்கொண்டவர்கள் வந்தார்கள். ஆறு வருஷமாக அண்ணனோடு பேசாத தம்பி வந்து, அண்ணன் வீட்டு வாசல்வரை கூட வந்தால் போதும் என்றான். அந்த வட்டாரத்துத் திருடன் ஒருவன்கூடக் கடைக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "திறந்து கெடக்கிற வீட்டுக்குள்ள போறதுக்கு வெக்கமா இருக்கு அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுக் கோவில்பட்டிப் பக்கம் குடிபோனான்.

எல்லோரையும்விட வண்டிக்காரர்கள்தான் அதிகம் வந்தார்கள். பூட்டிக்கொண்ட கார், ஊளையிடுகிற கார், ரிமோட்டுக்குக் கட்டுப்படாத கார் எல்லாம் உப்பள லாரிகளுக்கு நடுவே வரிசையில் நின்றன. கஸ்பார் தொட்டான், அவை அடங்கித் திறந்தன. ஆனால் திறந்ததே தவிர எதுவும் சரியாகவில்லை. அறுந்த வயர் அறுந்தபடியே இருந்தது, துருவேறிய சுவிட்ச் துருவேறியபடியே இருந்தது, கதவுக்குள் இருக்கிற மோட்டார் எரிந்தபடியே இருந்தது. வீட்டுக்குப் போய்ப் பூட்டினால் பூட்டாது. ஆகவே கஸ்பார் தொட்ட ஒவ்வொரு வண்டியையும் பிறகு ஜெனோவா உட்கார்ந்து பிரித்துப் பார்த்து, எங்கே மின்சாரம் வருகிறது, எங்கே நின்றுபோகிறது என்று டெஸ்ட் லேம்ப் வைத்துத் தேடி, ஒட்டி, மாற்றி, திரும்பப் பூட்டும்படி செய்து அனுப்பினாள். திறந்தவனுக்கு ஜனங்கள் கும்பிடு போட்டார்கள். பூட்டும்படி செய்தவளுக்கு யார் கும்பிடு போடுவார்கள்?

பொறாமை அவளுக்குப் புதிது என்று அவள் நினைத்தாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ படித்து, கல்யாணமாகி இந்தக் கடைக்கு வந்து பதினாலு வருஷம், போர்டில் 'கஸ்பார் ஆட்டோ எலக்ட்ரிக்கல்ஸ்' என்றுதான் இருந்தது, அதை அவளே பெயின்ட் அடித்துப் புதுப்பித்திருக்கிறாள். கஸ்பாருக்கு பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றத் தெரியும், பல்பு மாற்றத் தெரியும், வந்தவர்களோடு பேசத் தெரியும். அவன் பேச்சைக் கேட்கவே திருச்செந்தூர் சாலையிலிருந்து வண்டி வரும். அவளைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொன்னவனில்லை, குடிக்கிறவனில்லை, யாரைக் கண்டும் வயிறெரிகிறவனில்லை. அதுதான் அவளை இன்னும் எரித்தது. அவன் கொஞ்சம் கர்வம் பிடித்தவனாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள். அவனோ மத்தியானம் சாப்பிடும்போது மீனின் நடுத்துண்டை அவள் தட்டில் வைத்துவிட்டு, "இன்னைக்கு ஒரு பாட்டியம்மாவோட டிரங்குப் பெட்டி திறந்துச்சு பாத்துக்க, உள்ள கல்யாணச் சேலை, அந்தம்மா அழுதிச்சு," என்று கண் கலங்கச் சொன்னான்.

டீக்கடை மாடசாமி அவனுக்குக் கண்ணாடி டம்ளரிலும் அவளுக்குப் பேப்பர் கப்பிலும் டீ கொண்டு வந்ததை அவள் ஒரு நாள் கவனித்தாள். மறுநாள் கவனித்தாள். அதற்கடுத்த நாள், டீ வருவதற்கு முன்பே கவனிக்கக் காத்திருந்தாள். வண்டிக்காரர்கள் அவனுக்கு நாற்காலி இழுத்துப் போடுவதை, அவன் சிரித்தால் அவர்களும் சிரிப்பதை, புதுக் கார் வாங்கியவர்கள் அவன் கை படட்டும் என்று வருவதை எல்லாம், வண்டிக்கு அடியில் படுத்தபடி, செருப்புகளை மட்டும் பார்த்தே தெரிந்துகொண்டாள். உப்புக்காற்று வயரின் ரப்பருக்குள் எப்படிப் போகிறது என்று யாருக்கும் தெரியாது, வெளியே ஒரு கீறலும் இருக்காது, பிரித்துப் பார்த்தால் உள்ளே தாமிரம் முழுக்கப் பச்சை. அப்படித்தான் அவளுக்கும் ஆனது.

மே மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. பூசை முடிந்து வந்ததும் அவள் கஸ்பாரிடம், "உங்கள ஒருக்க செக் பண்ணிப் பாக்கணும்," என்றாள்.

"பாரேன். எனக்கும் என்னதான்னு தெரியணும்லா," என்று சட்டையைக் கழற்றிவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்தான்.

அவள் ஒரு வண்டியைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள். டெஸ்ட் லேம்பின் கிளிப்பைத் தண்ணீர்க் குழாயில் மாட்டி, முனையை அவன் வலது கட்டைவிரலில் வைத்தாள், விளக்கு எரிந்தது. மீட்டர் வைத்தாள், பன்னிரண்டரை வோல்ட். மாவு மில்லுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன திறக்கிறவரே, உங்களுக்கே ரிப்பேரா?" என்று கேட்டதும் அவன் சிரித்தான், மீட்டர் பதினாலுக்கு ஏறியது. ஓடுகிற வண்டியில் பேட்டரி சார்ஜ் ஏறும்போது காட்டுகிற கணக்கு அது. யாராவது அவனைக் கொண்டாடினால் அவனுக்குள் ஏறுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. எங்கே இறங்கும் என்று தேடினாள். உச்சந்தலை, முழங்கை, முதுகு எல்லாம் பார்த்து, இடது குதிகாலில் வயரை வைத்து மறு முனையை ஈர மண்ணில் செருகியதும், விளக்கு மங்கி அணைந்தது.

"என்ன தெரிஞ்சுது?" என்று கேட்டான் கஸ்பார்.

"ஒண்ணும் பிடிபடல," என்றாள்.

அன்று மத்தியானம் அவன் தூங்கும்போது, எரிந்துபோன வயர் கட்டிலிருந்து ஒரு முழம் செம்புக் கம்பியை உருவி, அவனுடைய இடது செருப்பின் குதிகாலில் மேலே கொஞ்சமும் கீழே கொஞ்சமும் தெரிகிற மாதிரி நெருக்கமாகத் தைத்தாள். பூட்டைச் சரிசெய்கிற அதே கவனத்தோடு தைத்தாள்.

புதன்கிழமை ஷிப்பிங் ஏஜெண்ட் ரொட்ரிகோவின் மகளுக்குக் கல்யாணம். மாதா கோயில் வாசலில் பூ ஜோடித்து நின்ற கார், டிரைவர் சாவியை உள்ளே விட்டுவிட்டு இறங்கிய நிமிஷத்தில் நான்கு கதவையும் பூட்டிக்கொண்டு அலறத் தொடங்கியது. தாலியும் மோதிரங்களும் பின் சீட்டில் தட்டில் இருந்தன. கண்ணாடியை உடைக்கலாம் என்று ஒருவர் சொன்னதற்கு, "கல்யாண வண்டியிலயா?" என்று ரொட்ரிகோ முறைத்தார். உடனே கஸ்பாரைக் கூப்பிட்டு வந்தார்கள், கூடவே ஜெனோவாவும் டூல்ஸ் பையோடு வந்தாள்.

கஸ்பார் கூரைமேல் கையை வைத்தான். "போதும் தாயி," என்றான். கார் அலறியது. இரண்டு கையையும் வைத்தான். சட்டையில் கையைத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தான். முதலில் ஜனங்கள் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு அவன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். பிறகு அவனும் நிறுத்தினான். தேவதைபோல வெள்ளை உடுத்தி நின்ற மணப்பெண் காதைப் பொத்திக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளுங்க," என்றாள் ஜெனோவா.

காரின் முன்பக்கம் சேலையைச் சுருட்டிக்கொண்டு படுத்து, அடியிலிருந்து கையை விட்டு பானெட்டின் கேபிளைத் தேடி இழுத்தாள். பானெட் திறந்தது. அதன் விளிம்பில் உப்புப் பூத்து இறுகியிருந்த சுவிட்சைக் கழற்றிச் சுரண்டினாள், அலறல் நின்றது. பிறகு பேட்டரியின் வயரை எடுத்து, பத்து எண்ணி, திரும்ப வைத்தாள். இந்த ரக வண்டிகளில் பூட்டுகளை இயக்குகிற பெட்டி, தூக்கத்தில் எழுப்பப்பட்டவனைப்போல, முழித்ததும் ஒருமுறை எல்லாவற்றையும் திறந்துவிட்டுத்தான் தன்னிலைக்கு வரும் என்பது அவளுக்குத் தெரியும். நான்கு கதவும் டக்கென்றன. பதினோரு நிமிஷம்.

"சரியாயிட்டு," என்றாள்.

கோயில் வாசலே கைதட்டியது. ரொட்ரிகோ அவளுக்கு நாற்காலி போடச் சொன்னார். மறுநாள் மாடசாமி அவளுக்குக் கண்ணாடி டம்ளரில் டீ கொண்டு வந்தான், கஸ்பாருக்குப் பேப்பர் கப்பில். வந்தவர்கள் எல்லோரும் "அக்கா இருக்காங்களா?" என்று கேட்டார்கள். அவள் டீயைக் குடித்தாள், நன்றாகத்தான் இருந்தது. அது நன்றாக இருந்ததைப் பற்றி அவளுக்கு வெட்கமில்லை, இரண்டு நாள்வரை.

மூன்றாம் நாள் கஸ்பார் தெருவில் நடந்தபோது பூட்டுகள் பூட்டிக்கொள்ளத் தொடங்கின. சாவியை உள்ளே வைத்துக்கொண்டு கார்கள் பூட்டிக்கொண்டன, ஓடிக்கொண்டிருந்த கடைகளின் ஷட்டர்கள் இறங்கின, தம்பியைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்த அண்ணனின் வாய் பாதி வார்த்தையில் சாத்திக்கொண்டது, தோள்பட்டைக்காரர்களுக்குத் தோள் திரும்பப் பூட்டியது. ஊர் இதற்கும் பழகியது. ஜனங்கள் கதவிடுக்கில் கல் வைத்துக்கொண்டார்கள், சாவியைக் கழுத்தில் கட்டிக்கொண்டார்கள், வங்கி மேலாளர் அதே குடையைக் கொடுத்தனுப்பி, சாயங்காலம் மூடுகிற நேரத்துக்கு வங்கி வழியாக வந்துபோக முடியுமா என்று கேட்டார். கஸ்பார் குடையைத் திருப்பி அனுப்பினான். அவன் பேசுவது குறைந்தது. யாராவது "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் அவன் எழுந்து வெளியே போனான், போகிற வழியில் இருந்ததெல்லாம் டக் டக்கென்று பூட்டிக்கொண்டது.

ஜெனோவா பயந்துபோய்ச் செருப்பிலிருந்து செம்புக் கம்பியைப் பிரித்தெடுத்தாள். மாற்றமில்லை. அவன் கையைப் பிடித்து மீட்டர் வைத்தாள். பன்னிரண்டு காட்டியது, ஆனால் எண்ணுக்கு முன்னால் ஒரு சின்னக் கழித்தல் கோடு இருந்தது. அவளுக்கு அதன் அர்த்தம் உடனே தெரிந்தது. கார்க் கதவில் திறக்க ஒரு மோட்டார், பூட்ட ஒரு மோட்டார் என்று கிடையாது; ஒரே மோட்டார், அதே இரண்டு வயர். மின்சாரம் இந்தப் பக்கமிருந்து போனால் திறக்கும், அந்தப் பக்கமிருந்து போனால் பூட்டும். யார் மேலும் வயிறெரியத் தெரியாத மனிதனுக்குள் அது இப்போது தலைகீழாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஓட்டத்தின் ருசி அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கல்யாணத்திலிருந்து பன்னிரண்டாம் நாள் மத்தியானம், ஒரு காரை முடித்துவிட்டு அவள் சாப்பிட வீட்டுக்கு வந்தபோது கதவு சாத்தியிருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. தண்ணீர்த் தொட்டியின் மூடி முதல் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டுவரை பூட்டியிருந்தது. உள்ளே கஸ்பார் இருக்கிறான் என்பது தெரிந்தது.

"கதவத் திறங்க," என்றாள்.

"திறக்க மாட்டேங்குது," என்றது உள்ளேயிருந்து அவன் குரல். "நான் கிட்ட வந்தா இன்னும் இறுகுது. நீ கடைக்குப் போ. உன்னத்தான எல்லாரும் தேடுவாங்க."

அவள் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் கீலைப் பார்த்தாள், பூட்டைப் பார்த்தாள், திரும்ப உள்ளே வைத்தாள். வெயில் வாசலில் நேராக விழுந்தது. கேட்டுக்கு வெளியே இரண்டு மூன்று பேர் நின்றார்கள், அவர்களுக்கும் கேட்கும் என்று தெரிந்தே பேசினாள்.

"நாந்தான் செஞ்சேன். உங்க செருப்புல செம்பு வயரு வச்சுத் தச்சேன். கல்யாணக் கார் திறக்காமப் போனது அதுனாலதான். உங்க கையில இருந்தத நாந்தான் இறக்குனேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"ஏன்னு கேளுங்க," என்றாள்.

"ஏன்?" என்றான்.

"வண்டி கொண்டாரவங்க கடைக்குள்ள வந்து 'அண்ணாச்சி இல்லையா'ன்னு கேப்பாங்க. நான் முன்னால நிப்பேன். இருக்காருன்னு சொல்லுவேன். நீங்க வந்து 'ஜெனோவா, என்னன்னு பாரு'ம்பீய. நான் பாப்பேன். கை சுட்டு, முதுகு வலிச்சு, என்னன்னு கண்டுபிடிச்சு முடிச்சதும் நீங்க வெளிய போயி 'சரியாயிட்டு'ன்னு சொல்லுவீய. அது ஒண்ணு எனக்கு வேணும்னு இருந்துச்சு. அந்த ஒரு வார்த்தைய நான் சொல்லணும்னு இருந்துச்சு. அதுக்கு மேல நீங்க தொட்டாலே திறக்கும்னு ஆனப்ப, எனக்குச் சொல்லுததுக்கு ஒண்ணுமே இல்லாமப் போச்சு. கேட்டிருக்கலாம். கேக்கல. திருட்டுத்தனமா உங்க காலுல கை வச்சிட்டேன்."

கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் நகர்ந்து போனார்கள். கோழிகள் கூண்டுக்குள் ஒன்றையொன்று கொத்திக்கொண்டன. பிறகு கதவுக்குப் பின்னால் காலடி வந்து நின்றது. எந்தப் பூட்டும் டக்கென்று சொல்லவில்லை. கஸ்பார் உள்ளிருந்து தாழ்ப்பாளைப் பிடித்து, அது துருவேறி இறுகியிருந்ததால் இரண்டு கையாலும் முக்கி அசைத்து, ஊரில் எல்லோரும் கதவு திறக்கிற மாதிரியே திறந்தான்.

முகம் வற்றியிருந்தது. அவளை உள்ளே வா என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"யாராவது வந்து உன்னைக் கேக்கும்போதெல்லாம் இங்ஙன ஒண்ணு பூட்டிக்கிடுது," என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். "மூச்சு விட முடியல. சாப்பிட முடியல. நீ சிரிச்சாப் பிடிக்கல. பன்னெண்டு நாளுதான். எனக்குத் தாங்கல." நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவனாகக் கேட்டான்:

"நீ எப்படிட்டி பதினாலு வருஷம் தாங்குன?"

ஜெனோவா வாசற்படியில் உட்கார்ந்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். முதல் வருஷத்திலிருந்து அவள் சொல்லத் தொடங்கினாள். ஊரெல்லாம் பேச்சுக்குப் பேர்போன அந்த மனிதன், வெயில் தெருவைத் தாண்டிப் போகும்வரை, நடுவில் ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.